மேலே போனால் கடிகாரம் ஏன் முந்துகிறது?

நல்லூர் பனியன் கம்பெனியிலிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கிளம்பும் கன்டெய்னர் லாரி எங்கே போகிறது என்று செல்போன் திரையில் ஒரு புள்ளி காட்டுகிறது. அந்தப் புள்ளிக்குப் பின்னால் ஐன்ஸ்டைன் இருக்கிறார்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத்தான் தூரம் கணக்கிடப்படுகிறது. எனவே மேலே உள்ள அணுக்கடிகாரம் துல்லியமாக ஓட வேண்டும். ஆனால் அது தரையிலுள்ள கடிகாரத்தோடு ஒத்துப்போவதில்லை.

இரண்டு காரணங்கள். வேகமாக நகரும் கடிகாரம் மெதுவாக ஓடும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் வேகம் விநாடிக்கு சுமார் 3.9 கி.மீ. என்பதால் நாளுக்கு 7 மைக்ரோ விநாடி பின்தங்குகிறது.

இரண்டாவதுதான் வியப்பானது. தரையிலிருந்து மேலேறும் ஒளி, ஈர்ப்பை எதிர்த்து ஏறுவதால் அதிர்வெண்ணை இழக்கிறது. வழியில் எந்த அலையும் தொலைந்துவிடவில்லை. அப்படியானால், மேலிருந்து பார்க்கும்போது கீழேயுள்ள அதிர்வே மெதுவாக நடக்கிறது என்றுதானே பொருள்? ஈர்ப்பு மிகுந்த இடத்தில் காலமே மெதுவாக நகர்கிறது. 20,200 கி.மீ. உயரத்தில் இதனால் கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோ விநாடி முந்துகிறது. கழித்தால் மிச்சம் 38. அதற்குள் ஒளி 11 கி.மீ. போய்விடும்!

இந்தியாவின் சொந்த வழிகாட்டு அமைப்பான நாவிக்கின் செயற்கைக்கோள்கள் இன்னும் உயரத்தில், ஏறக்குறைய 36,000 கி.மீ.யில் சுற்றுகின்றன. அங்கே வித்தியாசம் நாளுக்கு 46 மைக்ரோ விநாடிக்கும் அதிகம். அவற்றில் 2013-இல் ஏவப்பட்ட முதல் செயற்கைக்கோளின் மூன்று ருபிடியம் அணுக்கடிகாரங்களும் பழுதடைந்தன. அவை வெளிநாட்டில் வாங்கியவை. 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய என்.வி.எஸ்.-01 இந்தியாவிலேயே செய்த ருபிடியம் கடிகாரத்தைச் சுமந்து சென்றது. பெருமைப்பட வேண்டிய வேலை அது.