ஏ.பி.ஜே. என்பது மூன்று பேரின் பெயர்: 'மெக்டொனால்டு'க்கும் நம்ம இனிஷியலுக்கும் என்ன சம்பந்தம்?

ராமேஸ்வரம் போகிறவர்களில் பலர் பேய்க்கரும்பில் வண்டியை நிறுத்தாமல் திரும்புவதில்லை. அப்துல் கலாமின் நினைவிடம் 2017 ஜூலை 27-ல் திறக்கப்பட்ட இடம் அது. அவர் பெயருக்கு முன்னால் இருக்கும் 'ஏ.பி.ஜே.' எல்லோருக்கும் மனப்பாடம். விரிவாக்கம் கேட்டால்தான் கொஞ்சம் தடுமாறுவோம்.

அவுல், பக்கீர், ஜைனுலாப்தீன். முறையே கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா. ராமேஸ்வரத்தில் படகு வைத்திருந்த ஜைனுலாப்தீனின் மகன்தான் அப்துல் கலாம். மூன்று எழுத்துக்குள் மூன்று தலைமுறை இருக்கிறது.

இதில் சர்நேம் எது? எதுவுமே இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் 'மிஸ்டர் கலாம்' என்று கூப்பிட்டபோது, பெயரின் கடைசியில் வருவது குடும்பப்பெயர் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் 'அப்துல் கலாம்' முழுசாக அவருக்கு வைத்த பெயர். முன்னால் நிற்பவர்கள்தான் குடும்பம். குடும்பப்பெயருக்குக் கொஞ்சம் கிட்டே வருவது 'மரைக்காயர்'. அவருடைய அண்ணன் முத்து மீரா மரைக்காயரின் பெயரில் அது உண்டு, தம்பி பெயரில் இல்லை. மரக்கலம் வைத்திருந்தவர்கள் என்பதால் வந்த பெயர் என்று சொல்வார்கள்.

ஸ்காட்லாந்திலும் இதே கதைதான்

மெக்டொனால்டு என்றதும் நமக்கு பர்கர் ஞாபகம் வரும். 1940-ல் கலிஃபோர்னியாவில் அந்தக் கடையைத் தொடங்கிய சகோதரர்கள் அயர்லாந்து வழி வந்தவர்கள். ஆனால் அந்தப் பெயருக்குப் பெரிய வரலாறு இருப்பது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில். இரண்டு இடத்திலும் பேசிய கேலிக் மொழியில் 'மெக்' என்றால் மகன். டொனால்டு என்ற பெயருக்கு உலகை ஆள்பவன் என்று பொருள். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், உலகநாதன் மகன்.

எந்த டொனால்டு? 12-ம் நூற்றாண்டில் அந்தக் கரையின் தீவுகளைக் கப்பல்களை வைத்தே பிடித்து ஆண்டவர் சோமர்லெட். 1164-ல் இறந்தார். 'கோடைப் பயணி' என்று பொருள் தரும் நார்ஸ் பெயர் அது. அவர் மகன் ரனால்டு, ரனால்டின் மகன் டொனால்டு. அவரைக் கேலிக் முறையில் சொல்லும்போது, 'சோமர்லெட் மகன் ரனால்டு, அவன் மகன் டொனால்டு' என்ற பொருள் வரும்படி சங்கிலியாகச் சொல்வார்கள். ராமநாதபுரத்தில் பிறந்திருந்தால் எஸ்.ஆர். டொனால்டு. அவ்வளவுதான் வித்தியாசம்!

அப்புறம் எங்கே பாதை பிரிந்தது?

அடுத்த தலைமுறையில் நம்ம ஊரில் இனிஷியல் மாறும். அங்கே ஒரு கட்டத்தில் மாறாமல் நின்றுவிட்டது. தலைவனின் வாரிசுகள் 'டொனால்டின் மக்கள்' என்றே தொடர்ந்தார்கள். அவர்களுடைய நிலத்தில் வாழ்ந்தவர்களும் அதே பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். குத்தகைக் கணக்கு, சர்ச் பதிவேடு, ராணுவப் பட்டியல் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டபோது குமாஸ்தாவுக்கு மாறாத ஒரு பெயர் தேவைப்பட்டது. மலைப்பகுதிகளில் பல இடங்களில் 17, 18-ம் நூற்றாண்டுகளில்தான் இது முழுசாக நிலைத்தது. வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் 19-ம் நூற்றாண்டிலும் அப்பா பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்தது.

நிலைத்த பிறகு அர்த்தம் போய்விட்டது. இன்றைய மெக்டொனால்டின் அப்பா பெயர் ஜானாக இருக்கலாம், பீட்டராக இருக்கலாம். கேலிக்கில் மகளுக்கு 'மெக்' கிடையாது, 'நிக்' என்று தனிச் சொல் உண்டு. ஆங்கிலப் பதிவேடு அதைக் கண்டுகொள்ளவில்லை. விளைவு, பெண்களும் 'டொனால்டின் மகன்' ஆகிவிட்டார்கள்.

மாறாத குடும்பப்பெயரில் ஆபத்தும் இருக்கிறது. மெக்ரெகர் குலத்தின் மேல் கோபப்பட்ட மன்னர் ஆறாம் ஜேம்ஸின் அரசு, 1603-ல் அந்தப் பெயரையே தடை செய்தது. மீறினால் மரண தண்டனை. பலர் வேறு பெயருக்கு மாறினார்கள். புகழ்பெற்ற ராப் ராய்கூட அம்மா வீட்டுப் பெயரான கேம்ப்பெல்லைப் பயன்படுத்தினார். தடை முழுசாக நீங்கியது 1774-ல்தான். பெயரைக் கேட்டதும் 'நீ இந்தக் கூட்டம்' என்று சொல்ல முடிகிற எந்த ஊரிலும் இந்த ஆபத்து உண்டு.

நமக்கு இது புரியாத விஷயமில்லை. பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டம் செய்த வேலையும் இதுதான். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு அந்தப் பட்டங்களை விடச் சொன்னது. அப்படி விட்டவர்களுக்கு மிஞ்சியது அப்பா பெயரின் முதல் எழுத்தும் சொந்தப் பெயரும். அதனால் 'உங்களுக்கு சர்நேம் இல்லையா?' என்று கேட்பவர்களிடம் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கூச்சம் இல்லை, சரி. விசா?

சிக்கல் அங்கேதான். கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையின் பல ஊர்களில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் இருப்பவர்களை விசிட் விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. சில நாட்களிலேயே, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது. அமெரிக்க விசாவில் வேறு கூத்து: சர்நேம் பெட்டி காலியாக இருந்தால் உங்கள் பெயர் அங்கே போய்விடும், முதல் பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று வரும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம்!

இந்திய பாஸ்போர்ட்டில் இனிஷியல் எடுபடாது, விரித்து எழுதணும். பெரும்பாலானவர்கள் அப்பா பெயரை சர்நேம் பெட்டியில் போடுகிறார்கள். செல்லும். ஆனால் ஏர்போர்ட்டில் உங்கள் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். உங்கள் குழந்தைக்கு சர்நேம் உங்கள் பெயர். தாத்தா, அப்பா, பேரன் மூவரும் ஒன்றாகப் பயணம் போனால் மூன்று சர்நேம். சட்டப்படி தப்பில்லை, கவுன்ட்டரில் உறவை விளக்க வேண்டியிருக்கும், பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் செட்டிலான சிலர் தாத்தா பெயரையே குழந்தைக்கும் சர்நேமாகக் கொடுத்துவிடுகிறார்கள். மெக்டொனால்டுக்கு அன்று நடந்தது இதுதான். வசதி இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் 'என் அப்பா' என்று சொல்வதை அந்தத் தலைமுறையோடு நிறுத்திக்கொள்ளும். 2016 டிசம்பர் முதல் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெற்றோரில் ஒருவர் பெயர் இருந்தாலே போதும் என்பதால், அந்த ஒருவர் அம்மாவாகவும் இருக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் குழந்தையின் முதல் பாஸ்போர்ட்டுக்கு முன்னால் வீட்டில் பேசி முடிவு பண்ணுங்கள். பள்ளிச் சான்றிதழ், ஆதார், பான், பாஸ்போர்ட் நான்கிலும் ஒரே ஸ்பெல்லிங் இருக்கட்டும். 'ஜைனுலாப்தீன்' போன்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று யோசித்துப் பாருங்கள், ஏன் சொல்கிறோம் என்று புரியும்.