எட்டுத் தூண், ஒரு தப்புக் கணக்கு!

நீங்கள் எப்போதாவது மாட்டுக்கு வீடு கட்டியதுண்டா சார்? நான் கட்டினேன். ஆபீஸில் வவுச்சர் எழுதுகிற கையால்!

2018 நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நான் திருவல்லிக்கேணி மேன்ஷனில் போர்வைக்குள் இருந்தேன். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் அம்மா மட்டும். இரண்டு நாள் கழித்துத்தான் போனில் கிடைத்தாள்.

"தென்னை பூரா சாஞ்சிடுச்சுடா. கொட்டாயி விழுந்து செவலை செத்துப்போச்சு."

அவள் அழவில்லை. எனக்குத்தான் தொண்டையை அடைத்தது. அந்தக் கொட்டகைக்குத் தூண் நட்டவன் நான். வெயிலுக்குப் பயந்து ஒன்றரை அடியோடு கடப்பாரையைக் கீழே போட்டவனும் நானேதான்.

அடுத்த வருஷம் பத்து நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். இந்தத் தடவை பிளான்! ஒரு மாட்டுக்கு மூன்றரை சதுர மீட்டர், அதாவது சுமார் 38 சதுர அடி நிழல் வேண்டும். மிச்சமிருந்த நாலு மாடு, கன்றுக்குட்டி, வைக்கோல் எல்லாவற்றுக்குமாக 24 அடிக்கு 12 அடி. நீளம் கிழக்கு மேற்காக. சாயங்கால வெயில் குறுகலான பக்கத்தில் மட்டும்தானே அடிக்கும்! சுவர் கிடையாது. எட்டடிக்கு ஒரு தூண், இரண்டு வரிசை, மொத்தம் எட்டு. முன்வரிசை ஒன்பதடி, பின்வரிசை ஏழடி, மேலே ஒற்றைச் சாய்ப்பு.

விழுந்த தென்னை சும்மா கிடக்கிறதே என்றேன். ஆசாரி சிரித்தார். "மண்ணுல நட்டா ரெண்டே வருஷம் தம்பி. கரையான் சாப்பிட்டுட்டு ஏப்பம் விடும். புயல்ல எது நின்னுச்சுன்னு பாருங்க."

பார்த்தேன். வரப்பு வரப்பாகப் பனை நின்றது. பனைக்கு வைரம் வெளிப்பக்கம், உள்ளே சோறு. தொல்காப்பியரே அதைப் புல் வகையில்தான் சேர்த்தார். அதனால் மேலே செதுக்கி அழகு பார்க்கக் கூடாது. (பிறகு 2021-ல், பனையை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று அரசு அறிவித்தது. நல்ல காரியம்.) யாரோ இடித்த பழைய வீட்டுப் பனைமரங்கள் விலைக்கு வந்தன. நானே பக்கத்தில் நின்று அளந்து ஒன்பதடியும் ஏழடியுமாக அறுக்கச் சொன்னேன்.

அறுத்து முடித்த பிறகு ஆசாரி மெதுவாகக் கேட்டார்: "மண்ணுக்குள்ள போற மூணடியை எங்க தம்பி வச்சிருக்கீங்க?"

பக்கென்றது! மூன்றடி புதைத்தால் முன்பக்கம் ஆறடி, பின்பக்கம் நாலடி. மாடு நுழையும், அம்மா நுழைய மாட்டாள்.

"ஒரு அடி மட்டும் புதைச்சா..." என்று இழுத்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். செவலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையில் முடிந்திருந்த பால் காசை எடுத்து என் கையில் வைத்தாள். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

பன்னிரண்டடியிலும் பத்தடியிலும் வேறு மரம் வந்தது. மூலைக்கு மூலை கயிறு பிடித்து, மூன்றடி, நாலடி, குறுக்கே ஐந்தடி என்று மட்டம் பார்த்தோம். மூன்றடிக் குழியை நானே தோண்டினேன். கையெல்லாம் கொப்புளம்! புதைகிற பாகத்துக்குத் தார் பூசி, அறுத்து வீணான துண்டுகளை ஒவ்வொரு தூணின் அடியிலும் குறுக்கே போல்ட் போட்டுப் பிணைத்தோம். கூரைக்குள் புகுந்த காற்று கூரையை மேலே தூக்கும்; அதோடு தூணும் பிடுங்கிக்கொண்டு வரும். குறுக்குக் கட்டை இருந்தால் அதன் மேல் இருக்கிற மண்ணையும் சேர்த்துத் தூக்க வேண்டும். மேலேயும் ஆணி இல்லை, எல்லாம் போல்ட்தான். தூணைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் மண்ணை மேடாகத் திமிசு போட்டு இறுக்கினோம்.

தகரம் ஏறிய அன்று சாயங்காலம், அம்மா எட்டுத் தூணையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். எட்டாவது அசையாத பிறகுதான் கன்றுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். அது செவலையின் கன்று.

கட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

"மெட்ராஸ்ல உன் ரூமு இவ்வளவு பெரிசா இருக்குமாடா?"