கபரக்கொய்யாவை அடைத்து வளர்க்கலாமோ?

வயல் வாய்க்காலிலும் குளக்கட்டிலும் வேலை செய்வோர் கையில் ஓரடி நீளமுள்ள கபரக்கொய்யாக் குஞ்சு சிலவேளை அகப்படுவதுண்டு. கரிய மேனியில் மஞ்சட் புள்ளிகள் வரிசை வரிசையாய் அமைந்த அக்குஞ்சு பார்வைக்கு அழகியது. வீட்டுச் சிறுவர் அதனைக் கண்டவுடன் வளர்க்க வேண்டுமென்பர். பெரியோரும், தோலுக்கு விலையுண்டெனக் கேள்வியுற்று, கோழி வளர்ப்பது போல இதனையும் வளர்த்தாலென்ன என்று எண்ணுவதுண்டு. இவ்விரு எண்ணங்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், கபரக்கொய்யா வேறு, உடும்பு வேறு என்பதை அறிதல் வேண்டும். உடும்பின் நாசித்துவாரம் கீறல் போன்றது. கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் ஏறக்குறைய நடுவே அமைந்துள்ளது. கபரக்கொய்யாவின் நாசித்துவாரமோ வட்டமாய் மூக்கு நுனியை அடுத்திருக்கும். அதன் வால் துடுப்புப் போல இருபக்கமும் தட்டையானது. அதனைக் கொண்டே நீரில் நீந்தும். உடும்பை இந்நாட்டார் உண்பர் என்றும் கபரக்கொய்யாவை உண்ணார் என்றும் றொபேட் நொக்ஸ் 1681 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலிலேயே எழுதியுள்ளார். உண்ணப்படாமையே இப்பிராணி இன்றும் நம் குளங்களில் நிறைந்திருப்பதற்கு ஒரு காரணமென்று கருதலாம்.

இன்று ஓரடியாயிருக்கும் குஞ்சு வளர்ந்தபின் ஐந்தாறு அடி நீளம் பெறும். கண்டியில் அளக்கப்பட்ட ஒன்று பத்தரை அடிக்குக் குறையாதிருந்ததாகப் பதிவுண்டு. நன்கு பேணினால் பதினைந்து வருடத்துக்கு மேலும் உயிர் வாழும். எனவே வளர்க்கத் தொடங்குபவர், இன்றைய குஞ்சை நோக்காது, நாளைய பெரும் பிராணியை மனத்திற் கொண்டு கணக்கிடல் வேண்டும்.

மேல்நாடுகளில் இதனை வளர்ப்போர் வளர்ந்த பிராணி ஒன்றுக்குப் பதினாறடி நீளமும் எட்டடி அகலமுமான கூடு வேண்டுமென்பர். அதனுள் ஒரு பக்கம் வெயில் காயும் இடமாகவும் மறுபக்கம் குளிர்ந்த நிழலாகவும் இருத்தல் அவசியம். வெயில் காயும் கல் 50 பாகை செல்சியஸ் வரை சூடேறலாம். ஆயினும் நிழற்பக்கம் 28 பாகைக்கு மேற்படலாகாது. மேல்நாட்டார் விளக்கு வைத்து உண்டாக்கும் சூட்டை நமக்குச் சூரியன் இலவசமாகத் தருகின்றான் என்பது உண்மையே. ஆனால் தகரக் கூரையிட்ட சிறு கூட்டில் நண்பகலில் அடைபட்ட பிராணிக்கு ஒதுங்க இடமின்றிப் போமாயின், அது அன்றே மாண்டுபோதலுங் கூடும்.

உடல் முழுவதும் அமிழத்தக்க தொட்டியும் வேண்டும். இப்பிராணி பெரும்பாலும் நீரிலேயே மலங்கழிக்கும் இயல்பினது. ஆதலால் நாள்தோறும் தொட்டியை வெறுமையாக்கிக் கழுவிப் புதுநீர் நிரப்புதல் வேண்டும். தவறினால் தோலிற் புண்ணும் வாய் அழுகலும் தோன்றும். கழுவிய நீரைக் கிணற்றங்கரையில் ஊற்றுவது பெரும் பிழை. ஊர்வன பலவற்றின் குடலிலே சல்மொனெல்லா என்னும் கிருமி உண்டு. அது மனிதருக்குக் காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் விளைவிக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையே அது கொடிதாய் வருத்தும்.

ஆகாரமோ முழுவதும் மாமிசம். எலி, மீன், நண்டு முதலியவற்றை எலும்போடும் ஓட்டோடும் முழுதாகவே இடல் வேண்டும். எலும்பு நீக்கிய இறைச்சியை மாத்திரம் உண்டு, வெயிலுங் காணாது வளரும் குஞ்சுக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து, கால்கள் வளைந்து தாடையும் மென்மையாகிவிடும். இரக்க மிகுதியால் அளவுக்கு மேல் ஊட்டினாலோ, நடமாட இடமற்ற பிராணி கொழுத்து நோயுறும். பற்களும் நகங்களும் கூரியவை; வாலாலும் சாட்டை போல அடிக்கும்.

இனி இலாபத்தைப் பார்ப்போம். அடைத்து வைத்தால் இது முட்டையிடாது என்று சொல்லுதற்கில்லை. சென்னைக்குத் தெற்கே 1976 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட முதலைப் பண்ணையில் இவை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துள்ளன. ஆனால் முட்டை பொரிக்க ஆறு மாதமுதல் பத்து மாதம்வரை செல்லும்; இருபத்தொரு நாளில் பொரிக்கும் கோழியோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க. இந்தோனேசியாவிலிருந்து ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான தோல்கள் ஏற்றுமதியானபோதிலும், அவை பெரும்பாலும் காட்டிலும் வயலிலும் பிடிக்கப்பட்ட பிராணிகளின் தோல்களேயன்றிப் பண்ணையில் வளர்த்தவையல்ல. மீனையும் இறைச்சியையும் பல வருடம் கொட்டி ஒரு தோலை எடுப்பதிலே யாருக்கு என்ன மிச்சம்?

இத்தனைக்கும் மேலாகச் சட்டமுண்டு. 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் கபரக்கொய்யாவைப் பாதுகாக்கின்றன. அனுமதியின்றி அதனைப் பிடித்தலும், கொல்லுதலும், வைத்திருத்தலும் குற்றமாகும். எனவே தோல் வியாபாரக் கணக்கு இந்நாட்டில் தொடங்குமுன்னரே முடிந்துவிடுகின்றது. குஞ்சைக் கட்டி வைத்திருப்பவரைக் காணும் கிராம உத்தியோகத்தர், பெரும்பாலும் அறியாமையாற் செய்த பிழையென உணர்ந்து, முதலிற் சட்டத்தை எடுத்துரைத்து, வனசீவராசிகள் திணைக்களத்தின் கிட்டிய அலுவலகத்துக்கு அறிவித்தல் நலம்.

வாய்க்காலிற் சுதந்திரமாய்த் திரியும் கபரக்கொய்யாவோ கூலி கேளாத வேலையாள். வரம்பைத் துளைத்து நீரை வீணாக்கும் நண்டு அதற்கு விருப்பமான உணவு. எலியையும் பாம்பையும் பிடிக்கும். அழுகிய பிணங்களைத் தின்று குளக்கரையைத் துப்புரவாக்கும். சுமாத்திராத் தீவின் எண்ணெய்ப்பனைப் பிரதேசத்திலே தோலுக்காகக் கொல்லப்பட்டவற்றின் இரைப்பையைச் சோதித்தவர்கள் அங்கே எலிகளைக் கண்டனர். எலியால் நெல்லிழந்த கமக்காரருக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் கோழிக்குஞ்சும் முட்டையும் இழந்த வீட்டாரிடம் இவ்வுபகாரங்களைச் சொல்லி ஆறுதலளிக்க முடியாது. அவர்கள் குறை நியாயமானதே. இப்பிராணி பகலில் இரை தேடுவது; ஆகவே இரவிற் கூட்டைப் பூட்டுதல் மாத்திரம் போதாது. குஞ்சுகளைப் பகலில் மேய விடும் இடத்தைச் சுற்றிக் கம்பிவலை அடித்து, வலையின் அடி ஓரடி ஆழம் மண்ணுட் புதையும்படி செய்தல் வேண்டும். தோண்டுவதில் அது வல்லது. ஏறவும் வல்லதாதலின் மேற்புறத்தையும் வலையால் மூடுக. முட்டைகளைக் காலையிலேயே எடுத்துவிடல் வேண்டும். மீன் குடலும் கோழிக் கழிவும் வளவில் எறியப்படின், அவற்றின் நாற்றமே அதனை அழைத்து வரும், உடனே புதைத்துவிடுக. கூட்டினுள் ஒன்று புகுந்திருக்கக் கண்டால் மூலையில் நெருக்கித் தாக்காது, நாயைக் கட்டிவிட்டு, நீர்ப்பக்கமாகக் கதவைத் திறந்து விலகி நின்றால், அது தானே வெளியேறிவிடும்.