கம்பளத்தில் விழுந்த கல்

1987 அக்டோபர் மாதம். தென் இங்கிலாந்தைப் பெரும் புயல் தாக்கியது. பிரைட்டன் நகரில் உள்ள ராயல் பெவிலியன் அரண்மனையின் உச்சியிலிருந்து ஒரு கல் உருண்டை பெயர்ந்து, கூரையைத் துளைத்துக்கொண்டு இசைக்கூடத்துக்குள் விழுந்தது. அங்கே புதிதாக நெய்து விரித்திருந்த கம்பளத்தில் அது புதைந்து நின்றது.

அந்தக் கூடம் அப்போதுதான் இன்னொரு பேரிழப்பிலிருந்து மீண்டிருந்தது. 1975இல் யாரோ வைத்த தீ அதைப் பாழாக்கியது. பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடுபட்டு அதைச் சீரமைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்கே கிடந்த கம்பளத்தின் வடிவத்தையே மறுபடியும் உருவாக்கினார்கள். புயலுக்குப் பிறகும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. மீண்டும் பழுதுபார்த்தார்கள்.

இங்கிலாந்து அரண்மனைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்திய வீரர்களுக்கு 1914 முதல் 1916 வரை அந்த அரண்மனையே மருத்துவமனையாக இருந்தது. அதே இசைக்கூடத்தில்தான் அவர்களுக்குக் கட்டில்கள் போடப்பட்டன. அதன் நினைவாக இந்தியா வழங்கிய வாயில் 1921 முதல் அங்கே நிற்கிறது.

சரி, இல்லாத கம்பளத்தை எப்படித் திரும்பக் கொண்டுவருவது? முதல் வேலை துப்பறிவது. அந்த அறையைக் காட்டும் பழைய ஓவியங்கள், கொள்முதல் கணக்குகள், எங்காவது எஞ்சியிருக்கும் துண்டுகள் எல்லாவற்றையும் தேடிச் சேர்க்க வேண்டும். அடுத்து வடிவத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். கையால் முடிச்சிடும் கம்பளத்தில் ஒரு கட்டம் என்பது ஒரு முடிச்சு. காஷ்மீர் நெசவாளர்கள் இதையே 'தாலிம்' என்ற குறியீட்டு மொழியில் எழுதிவைக்கிறார்கள். எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்று ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் முடிச்சிடுவார்கள். கணினி நிரல் படிக்கும் மாணவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பத்தடிக்குப் பத்தடி கம்பளம், ஒரு சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு. மொத்தம் 14 லட்சத்து 40 ஆயிரம் முடிச்சுகள். ஒருவர் நாளொன்றுக்கு 8,000 முடிச்சு போட்டாலும் 180 நாள் ஆகும். அரண்மனைக் கம்பளங்களோ இதைவிடப் பல மடங்கு பெரியவை.

நிறத்தில்தான் பெரிய சிக்கல். வெயில் பட்ட மேற்புறம் வெளுத்திருக்கும். திருப்பிப் பார்த்தால் பின்புறத்தில் பழைய நிறம் பளிச்சென்று தெரியும். புதுக் கம்பளத்தை எந்த நிறத்தில் நெய்வது? பழைய நிறத்தில் நெய்தால் அறையின் மங்கிய பொருள்களுக்கு நடுவே கண்ணை உறுத்தும். மங்கலாக நெய்தால் அன்றைய அரசர் பார்த்தது அதுவல்ல. வேதியியல், வரலாறு, கலை மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டிய இடம் இது.

இன்னொரு கேள்வியும் உண்டு. விண்ட்சர் கோட்டையின் வாட்டர்லூ கூடத்துக் கம்பளத்தை விக்டோரியா மகாராணிக்காக நெய்தவர்கள் ஆக்ரா சிறைக் கைதிகள். தையலே இல்லாத அந்தக் கம்பளம் இரண்டு டன் எடை. 1992இல் கோட்டை தீப்பிடித்தபோது அதைச் சுருட்டிக் காப்பாற்ற ஐம்பது படைவீரர்கள் தேவைப்பட்டார்கள். கம்பளம் யாருக்காக நெய்யப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரிகிறது. முடிச்சுப் போட்ட கைகளின் பெயர்களை யார் சொல்கிறார்கள்? வடிவத்தை மட்டும் மீட்டால் பாதி வரலாறுதான் மீளும்.

நம் நெகிரி செம்பிலானில் 1908இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீ மெனாந்தி மர அரண்மனை இருக்கிறது. 99 தூண்கள் தாங்கும் அந்தக் கட்டடம் 1992 முதல் அரச அரும்பொருளகமாக விளங்குகிறது. அரண்மனைகளைக் காக்க ஆளும் பணமும் உண்டு. ஆனால் சிரம்பானைச் சுற்றிய தோட்டங்களில் நம் முன்னோர் வாழ்ந்த லயங்களுக்கு? அவை ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. அந்த வீட்டுக்குள் என்ன விரித்தார்கள், சாமி படம் எந்தச் சுவரில் இருந்தது, கோயில் திருவிழாவுக்கு விரித்த ஜமுக்காளம் எந்த நிறம் என்று நாளைக்கு ஒருவர் கேட்டால் யார் பதில் சொல்வது?

பிரைட்டன் கூடத்தை இரண்டு முறை மீட்க முடிந்ததற்குக் காரணம், அது எப்படி இருந்தது என்று முன்பே வரைந்து வைத்திருந்தார்கள். நமக்கு அதற்கு ஓவியர் தேவையில்லை. கையில் கைப்பேசி இருக்கிறது, வீட்டில் தாத்தா பாட்டி இருக்கிறார்கள். அடுத்த பள்ளி விடுமுறையில் ஓர் அளவுநாடாவோடு போங்கள். அறையின் நீள அகலம் அளந்து எழுதுங்கள். பழைய பொருளைப் படம் எடுக்கும்போது மறக்காமல் திருப்பிப் போட்டும் எடுங்கள். அதை யார் செய்தார், யார் வாங்கினார் என்று கேட்டு, அந்தப் பெயரையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.