பெயர் நீக்கப்பட்டால் உதவித்தொகையும் போகும்

சென்னையில் யானைக்கவுனி, சவுகார்பேட்டை பக்கம் பெயிண்ட் வேலைக்கு வருகிறவர்களில் புழல், கும்மிடிப்பூண்டி முகாம்களைச் சேர்ந்த இலங்கைத் தமிழர்களும் உண்டு. 1983 கலவரத்துக்குப் பின் வந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இங்கே கல்லூரிக்குப் போகிறார்கள். ஆனாலும் சட்டப்படி இவர்கள் வெளிநாட்டவர்தான். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. கிடைப்பதெல்லாம் அரசாணையால் கிடைப்பவை. அவற்றுக்கு அடிப்படை முகாம் பதிவு.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு மாத உதவித்தொகையை உயர்த்துவதாக அறிவித்தது. குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்குத் தலா 1,000, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 500. கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள் என்றால் 3,500. சென்னையில் இது எந்த மூலைக்கு? அதனால்தான் பெயிண்ட் வேலை. சிக்கலும் அங்கேதான்: வெளியூர் வேலையில் தங்கிவிட்டுத் ஆளெண்ணித் தணிக்கை செய்யும் நாளில் முகாமில் இல்லாவிட்டால் பதிவிலிருந்து பெயர் நீக்கப்படக்கூடும். போகும் முன் முகாம் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் பதிந்து வெளியே வசிக்கும் ‘வெளிப்பதிவு’ குடும்பங்களுக்கு இந்தத் தொகை கிடையாது.

2025 செப்டம்பரில் மத்திய உள்துறை ஒரு விலக்கு அளித்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மேல் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக வழக்கு வராது. இது குடியுரிமை அல்ல. இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் படகேறி வந்தவர்களுக்கு இந்த விலக்கும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் நாடுகள் பட்டியலிலும் இலங்கை இல்லை. புரோக்கர் பேச்சைக் கேட்டுப் போலி ஆவணத்தில் பாஸ்போர்ட் எடுத்துப் பயன்படுத்தினால் ஏழாண்டு வரை சிறை.

குடியுரிமைக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்தக் காலத்தில் பிறந்து, பிறப்புச் சான்றிதழ் எடுக்காமல் விட்டவர்கள் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.