முழங்கால் வலியும் முன்பணமும்

பாவு நூல் வாங்குமிடத்தில் சென்ற மாதம் முதிய அங்கத்தினர் ஒருவரைக் கண்டோம். மூன்று படி ஏறுவதற்குள் இருமுறை சுவரைப் பற்றி நின்றார். அவர் பையில் ஒரு மாத்திரைப் புட்டி. தேய்ந்த மூட்டை மீண்டும் வளர்க்கும் என்று அதன்மேல் அச்சிட்டிருந்தது. விலை ஆயிரம் ரூபாய்க்கு மேல். மூன்று புட்டி தீர்ந்தாயிற்றாம்; நான்காவதற்குச் சங்கத்தில் முன்பணம் கிடைக்குமா என்று விசாரிக்கவே வந்திருக்கிறார். "ஐயா, நீங்கள் நாலு புத்தகம் படித்தவர்கள். வாங்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். அன்று எம்மால் விடை கூற இயலவில்லை. பின்னர் படித்தறிந்ததை அங்கத்தினர் அனைவருக்குமாக இங்கே வரைகின்றோம்.

மூட்டில் எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அது மெலிந்து கரடாகி, எலும்பின் ஓரங்களில் முண்டு வளர்ந்து, சுற்றியுள்ள உறை வீங்குவதே மூட்டுத் தேய்வு. முதுமை, உடற்பருமன், பழைய அடி, குடும்பவாகு ஆகியவை காரணங்கள். குந்தியும் மண்டியிட்டும் நெடுங்காலம் உழைப்பதும் ஒரு காரணம். களையெடுக்கும் பெண்களும், குழித்தறியினின்று நாளொன்றுக்குப் பலமுறை ஏறி இறங்கும் நெசவாளரும் இதனை அறிவர். குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலின் இழந்ததை அது எளிதில் ஈடுசெய்துகொள்வதில்லை. அதனை மீண்டும் வளர்ப்பதாக நிரூபிக்கப்பெற்ற மாத்திரை இன்றளவும் இல்லை.

அப்புட்டியிலிருந்தவை குளுக்கோசமின், காண்ட்ராய்ட்டின் என்னும் இரு பொருள்கள். முன்னது பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுவது. அமெரிக்க அரசின் பொருளுதவியுடன் 1,583 பேரிடம் 24 வாரம் நடத்திய சோதனையின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. இவ்விரண்டையும் சேர்த்து உண்டவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 67 பேருக்கு வலி தணிந்தது. மருந்தேயில்லாத வெறும் மாத்திரை உண்டவருள்ளும் 60 பேருக்குத் தணிந்தது! இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே என்று ஆய்வாளர் முடிவு செய்தனர். மூட்டுவலி தானே ஏறித் தானே இறங்கும் இயல்பினது. இறங்கும் வேளையில் கையில் எந்தப் புட்டி இருந்ததோ அது பெயர் வாங்கிக்கொள்கிறது. கடும்வலி உற்ற சிறு பிரிவினரிடம் சற்று நலன் தென்பட்டதாயினும் அது உறுதிப்படவில்லை. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் கழகம் தனது 2019-ஆம் ஆண்டு நெறிமுறையில் இம்மாத்திரைகள் வேண்டா என்றே கண்டிப்பாகக் கூறியது. இறால், நண்டு ஒவ்வாதவரும், இரத்தம் உறையாதிருக்க வார்பரின் மாத்திரை உண்பவரும் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது.

மஞ்சளைப் பற்றியும் பலர் வினவுகின்றனர். மஞ்சளின் சத்தைப் பிரித்தெடுத்துக் கொடுத்த சிறு சோதனைகளில் வலி ஓரளவு குறைந்தது மெய்யே. ஆயினும் குழம்பில் இடும் மஞ்சளில் அச்சத்து மிகச் சிறிதே; உடலில் ஏறுவது அதனினும் சிறிது.

ஆகாரத்தால் மெய்யான பயன் உண்டென்றால் அது எடைக் குறைப்பின் வழியாகத்தான். உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரத்தில் நான்கு கிலோ குறைகிறதென்று 2005-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பருத்த உடலினர் 454 பேரைக் கொண்டு 18 மாதம் நடந்த மற்றொரு சோதனை 2013-இல் வெளியாயிற்று. அதில் உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் ஒருங்கே மேற்கொண்டவர்கள் தம் எடையில் சுமார் 11 சதவீதம் இழந்தனர். வலியும் ஏறத்தாழப் பாதியாயிற்று. பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, பயறும் கீரையும் கூட்டுக. தறியடிக்கு வரும் தேநீரில் சர்க்கரையையும், உடன்வரும் வடையையும் குறைத்துக்கொள்க. மெலிந்த உடலினருக்கு இவ்வறிவுரை பொருந்தாது. அவர்க்குப் பயறு, முட்டை, மீன் ஆகியன தசைக்கு வேண்டும்.

பயிற்சிக்குச் செலவில்லை. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குக. காலுக்குப் பத்து முறை. தொடைத் தசை வலுத்தால் மூட்டின் சுமையை அது பகிர்ந்துகொள்ளும்.

கைரோபிராக்டிக் என்னும் எலும்பு சீர்ப்படுத்தும் முறை அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் 1895-இல் டேனியல் டேவிட் பால்மர் தொடங்கியது. நம்மூர் நெட்டி முறித்தலும் சுளுக்கெடுத்தலும் நினைவுக்கு வரும். இடுப்புவலிக்கு இதனால் சிறிது பயன் உண்டென ஆய்வுகள் காட்டுகின்றன. தேய்ந்த முழங்காலுக்கு அத்தகைய சான்று போதிய அளவில் இல்லை. தேய்ந்ததை அமுக்கி வளர்க்கவும் முடியாது. கழுத்தைத் திடீரெனத் திருப்புவது அரிதாகவேனும் இரத்தக் குழாயைக் கிழித்துப் பக்கவாதம் விளைக்கும். எலும்பு பலமிழந்த முதியோரை யாரும் முறுக்கவே விடலாகாது.

வலி மிகுந்தால் முதலில் மேலே பூசும் டைக்ளோபினாக் களிம்பு நன்று. வலி மாத்திரைகளைத் தாமே வாங்கி மாதக்கணக்கில் உண்பது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒரே நாளில் வலியைப் போக்கும் பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததும் உண்டு.

அம்முதியவரிடம் இவற்றையெல்லாம் கூறினோம். நான்காம் புட்டியை விட்டுவிட்டார். தறிக்குழியின் ஓரத்தில் மேலும் ஒரு பலகையிட்டு ஆசனத்தை உயர்த்தி, ஏறும்போது பற்றிக்கொள்ள ஒரு கட்டையும் நட்டிருக்கிறார். கைத்தடியும் வாங்கினார், ஆனால் வலிக்கும் காலின் பக்கத்திலேயே ஊன்றி நடந்தார். தடி மறுபக்கத்துக் கையில் இருத்தல் வேண்டும் என்று சொல்லி, முற்றத்தில் இருமுறை நடக்கச் செய்து பார்த்தோம்.