பைலட் மெடிக்கல்: அமெரிக்கா தளர்வா, இந்தியா கறாரா?

அமெரிக்காவில் விமானம் ஓட்டக் கற்கும் மாணவர், பயிற்றுநர் இல்லாமல் தனியாகப் பறக்கும் முன் மூன்றாம் வகுப்பு மெடிக்கல், அதாவது மருத்துவத் தகுதிச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். வழங்குவது எஃப்ஏஏ எனும் அந்நாட்டு விமானத் துறை நிர்வாகம். இணையத்தில் படிவத்தை நிரப்பிவிட்டு, எஃப்ஏஏ அங்கீகரித்த மருத்துவரிடம் போனால் போதும். குறை ஏதும் இல்லையென்றால் அன்றைக்கே சான்றிதழ் கையில். சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் பார்ப்பார்கள். வழக்கமாக ரத்தம்கூட எடுப்பதில்லை. 40 வயதுக்கு உட்பட்டவருக்கு 60 மாதம் செல்லும்.

அதைக் காட்டி இந்தியாவில் வேலைக்குப் போக முடியாது. இங்கே வணிக விமானி உரிமத்துக்கு, டிஜிசிஏ எனும் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் முதல் வகுப்பு மெடிக்கல் வேண்டும். ரத்தம், ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, காது, கண் என்று ஒன்றுவிடாமல் பார்ப்பார்கள். முதல் தடவைப் பரிசோதனை நெடுங்காலம் பெங்களூரு, டெல்லி போன்ற இடங்களிலுள்ள விமானப்படை மையங்களில்தான் நடந்துவந்தது. பார்த்த மருத்துவர் கையெழுத்திட்டாலும் வேலை முடியாது. அறிக்கையை டிஜிசிஏ ஆராய்ந்த பிறகே ‘ஃபிட்’.

ஆனால் இதைவைத்து அமெரிக்காவைத் தளர்வு என்று சொல்லிவிட முடியாது. அங்கே 40 வயதைத் தாண்டிய ஏர்லைன் கேப்டன் 6 மாதத்துக்கு ஒருமுறை மெடிக்கலைப் புதுப்பிக்க வேண்டும். இந்தியா பின்பற்றும் சர்வதேச விதிப்படி, இரு விமானிகள் ஓட்டும் விமானத்தில் 60 வயது வரை ஆண்டுக்கு ஒருமுறை போதும். அமெரிக்க முதல் வகுப்புக்குக் கண்ணாடி போட்டாவது ஒவ்வொரு கண்ணுக்கும் 6/6 பார்வை வேண்டும். சர்வதேச விதியோ தனித்தனியே 6/9 இருந்தாலும் ஏற்கும், இரு கண்ணும் சேர்ந்து 6/6 வந்தால் சரி.

உண்மையான வித்தியாசம், எதை நம்புவது என்பதில் இருக்கிறது: விமானி சொல்வதையா, பரிசோதனையையா? அமெரிக்கப் படிவம் கடந்த 3 ஆண்டுகளில் பார்த்த மருத்துவர்களைப் பட்டியலிடச் சொல்கிறது. பொய் எழுதினால் 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். இந்தியாவிலும் நோய் வரலாறு கேட்கிறார்கள். ஆனாலும் இங்கே முக்கியத்துவம் பரிசோதனை முடிவுக்குத்தான்.

மனநோய் எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாது. 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் துணை விமானி, ஆல்ப்ஸ் மலையில் விமானத்தை வேண்டுமென்றே மோதியதில் 150 பேர் மாண்டார்கள். அவரிடம் செல்லுபடியாகும் மெடிக்கல் இருந்தது. நோயைப் பற்றி வாயைத் திறந்தால் வேலை போகும் என்றால் யார் திறப்பார்கள்? மனச்சோர்வுக்கான 4 மருந்துகளை நிபந்தனையோடு எடுத்துக்கொண்டே பறக்கலாம் என்று 2010-இல் எஃப்ஏஏ விதியைத் தளர்த்தியது, அந்தப் பயத்தைக் குறைக்கத்தான். என் கணிப்பில், பத்து ரத்தப் பரிசோதனையைவிட இது பயன் தரும். அனுமதி கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதுதான் அங்குள்ள குறை.

பிள்ளையைப் பைலட் படிப்புக்கு அமெரிக்கா அனுப்பும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறப்பார்வைக் குறைபாடு இருந்தாலும், பகலில் மட்டும் பறக்கலாம் என்ற கட்டுப்பாட்டோடு அங்கே சான்றிதழ் கிடைக்கக்கூடும். படித்துத் திரும்பிய பிறகு இங்கே முதல் வகுப்பு கிடைக்காமல் போகலாம். ஆகவே கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன்பே டிஜிசிஏ மெடிக்கலை முடித்துவிடுங்கள்.